பார்தேனாஸ் ரேயாலெஸ்: வட ஸ்பெயின் பாலைவனத்துக்கு கார்ல போயிட்டு வர முழு வழிகாட்டி

முதல் தடவை போனப்போ நாங்க இந்தப் பாலைவனத்தை வாசல்லயே நின்னு பாத்துட்டு திரும்பிட்டோம். மாட்ரிட்ல இருந்து பார்சிலோனா போற வழியில நடுவுல ஒரு மூணு மணி நேரம் ஒதுக்கி "எட்டிப் பாத்துட்டுப் போயிடலாம்"னு பிளான், முந்தின நாள் ராத்திரி மழை, களிமண் ரோடு, உள்ள விடல. அவ்ளோதான். ரெண்டாவது தடவை பக்கத்து ஊர்ல ரெண்டு ராத்திரி தங்கிப் போனோம், அப்பதான் இடம் என்னன்னே புரிஞ்சுது. கீழ இருக்கிறதெல்லாம் அந்த ரெண்டு பயணத்துல கத்துக்கிட்டது. அவசரமா படிக்கிறவங்க ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கோங்க: இதை வழியில பாக்கிற இடமா வைக்காதீங்க, பக்கத்துல ரெண்டு ராத்திரி தங்குங்க.

இடம் எப்படிப்பட்டதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

நவார்ரா மாகாணத்தோட தென்கிழக்கு மூலையில, துதேலா ஊருக்குப் பக்கத்துல, கிட்டத்தட்ட 42,000 ஹெக்டேர். 1999ல இயற்கைப் பூங்காவா அறிவிச்சாங்க, அடுத்த வருஷமே 2000ல யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம் ஆக்கிடுச்சு. பாலைவனம்னு சொன்னதும் மணல் மேடு, ஒட்டகம்னு நினைச்சுட்டுப் போனா ஏமாந்துடுவீங்க, இது அரைப் பாலைவனம், மழை பெய்யும், ஆனா பெய்யற கொஞ்சமும் பெரும்பாலும் ஒரே கொட்டா கொட்டி மண்ணை அரிச்சுட்டு ஓடிடும். ஒரு காலத்துல எப்ரோ ஆத்துப் படுகை முழுக்க கடலுக்கு வழியே இல்லாம அடைபட்டுக் கிடந்த நீர்நிலை, அதுல லட்சக்கணக்கான வருஷமா படிஞ்ச களிமண், ஜிப்சம், வண்டல். அப்புறம் எப்ரோவுக்கு மத்தியதரைக் கடல் பக்கம் வழி கிடைச்சதும் தண்ணி வடிய ஆரம்பிச்சு அரிப்பு தொடங்கிடுச்சு. மேல மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ தொப்பி மாதிரி உக்காந்திருக்கிற இடத்துல மட்டும் அடியில இருக்கிற களிமண் தப்பிச்சுது, சுத்தி இருந்த மத்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. அப்படி தப்பிச்சு தனியா நிக்கிற மண் குன்றுகளைத்தான் அந்த ஊர்க்காரங்க கபேசோன்னு சொல்றாங்க.

மூணு பகுதி இருக்கு. வடக்குல எல் பிளானோ, மேட்டு சமவெளி, நிறைய கோதுமை வயல். நடுவுல பார்தேனா பிளாங்கா, அதாவது வெள்ளை பார்தேனா, போட்டோவுல நீங்க பாத்ததெல்லாம் இங்கதான். தெக்கால பார்தேனா நேக்ரா, கருப்பு பார்தேனா, பைன் மரக் காடும் உயரமான மேடுகளும். முதல் தடவை போறவங்களுக்கு வெள்ளைப் பகுதி போதும்.

எப்போ போறது

ஏப்ரல், மே இல்லைன்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஏப்ரல்ல போனா வெளிர் மஞ்சள் குன்றுக்கு நடுவுல பச்சைப் பசேல்னு கோதுமை நிக்கும், பாலைவனத்துல வயலான்னு முழிப்பீங்க. ஜூலை, ஆகஸ்ட்ல வெயில் 35 டிகிரியைத் தாண்டும், நிழல்னு ஒண்ணு கிடையாது, நம்ம ஊர் வெயில் பாத்தவங்கதானேன்னு தெம்பா இறங்காதீங்க, அங்க வெயில் ராத்திரி ஒன்பது மணிக்கும் அடிக்கும். குளிர்காலத்துல வடமேற்குல இருந்து சியெர்சோன்னு ஒரு காத்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியா இறங்கும், கார் கதவைத் திறந்தா கையில இருந்து பிடுங்கும். வசந்த காலத்துலயும் அது வரும், ஒரு ஜெர்கின் கண்டிப்பா இருக்கட்டும்.

செப்டம்பர்ல போறவங்களுக்கு ஒரு போனஸ். செப்டம்பர் 18 அன்னிக்கு கார்காஸ்தியோ ஊர் பக்கத்துல எல் பாசோங்கிற இடத்துல, பிரெனீஸ் மலையில ரொன்கால் பள்ளத்தாக்குல இருந்து நடந்தே வந்த ஆட்டு மந்தைங்க பார்தேனாஸுக்குள்ள நுழையும். குளிர்காலம் முழுக்க இங்க மேய்ச்சல், கோடை தொடங்குறப்போ மறுபடி மலைக்கு. நம்ம கீதாரிங்க கிடை போட்டுக்கிட்டு ஜில்லா விட்டு ஜில்லா போற மாதிரிதான். இந்த மண்ணுல மேய்க்கிற உரிமை 22 பங்குதாரர்களுக்கு, அதாவது சுத்தி இருக்கிற ஊர்ங்க, ரொன்கால், சலசார்னு ரெண்டு மலைப் பள்ளத்தாக்கு, ஒரு மடம். 1705ல ராஜாவுக்கு 12,000 பேசோ கட்டி நிரந்தர உரிமை வாங்கிட்டாங்க, இன்னிக்கும் அந்த 22 பேர் சேர்ந்த அமைப்புதான் இடத்தை நிர்வாகம் பண்ணுது.

எங்க இருந்து கிளம்புறது

என் ஓட்டு சரகோசாவுக்குத்தான். மாட்ரிட்ல இருந்தோ பார்சிலோனாவுல இருந்தோ அதிவேக ரயில்ல ஒன்றரை மணி நேரத்துக்குள்ள சரகோசா வந்துடலாம், ஸ்டேஷன்லயே வாடகைக் கார் எடுத்துக்கலாம், அங்க இருந்து துதேலா 80 கிலோமீட்டர் சொச்சம்தான். மாட்ரிட் விமான நிலையத்துலயே கார் எடுத்து 300 கிலோமீட்டருக்கு மேல ஓட்டி வர்றவங்க இருக்காங்க, வழியில பாக்க பெருசா ஒண்ணும் இல்ல, அதுவும் ராத்திரி தூங்காம பிளைட்ல வந்து இறங்கி ரோட்டோட வலது பக்கம் ஓட்டிப் பழகுறது எனக்கு சரியாப் படல. வடக்குல இருந்து வர்றீங்கன்னா பில்பாவோல இருந்து 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, பாம்ப்லோனாவுல இருந்து 100 கிலோமீட்டருக்குள்ள. கடலோரத்துப் பச்சையில இருந்து ரெண்டு மணி நேரத்துல இந்த வறண்ட மண்ணுக்கு வந்து சேர்றது தனி அனுபவம், நேரம் இருந்தா சரகோசாவுல தொடங்கி பில்பாவோல முடிக்கலாம், ஆனா காரை வேற ஊர்ல விட்டா தனியா காசு கேப்பாங்க, முதல்லயே விசாரிச்சுக்கோங்க.

டோல் ரோடு, இலவச ரோடு ரெண்டும் இருக்கு. மேப்புல "டோல் வேண்டாம்"னு போட்டா பழைய தேசிய ரோட்டுல கூட்டிட்டுப் போகும், லாரி அதிகம், மத்தபடி நல்ல ரோடுதான்.

பேப்பர் வேலை

இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியில இருந்து 15 நாள் முன்னாடி வரைக்கும் அப்ளை பண்ணலாம், ஆனா அந்த 15 நாளை நம்பாதீங்க, அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதே பெரும்பாடு. பெரியவங்களுக்கு ஃபீஸ் 90 யூரோ, அதுக்கு மேல விசா சென்டர்காரங்க சர்வீஸ் சார்ஜ். மெடிக்கல் இன்சூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோவுக்கு இருக்கணும்.

ஓட்டப் போற ஆள் நம்ம ஊர் லைசென்ஸ் வச்சிருந்தா கூடவே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேணும், இதை ஆர்டிஓவுல வாங்கணும், ஒரு வருஷம் செல்லும். இலங்கையில இருந்து போறவங்க கொழும்புல ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல வாங்கிக்கலாம். ஸ்பெயின் போய் இறங்கினப்புறம் அங்க வாங்கிக்கலாம்னு நினைச்சா முடியாது, லைசென்ஸ் கொடுத்த நாட்டுலதான் கொடுப்பாங்க. ஐரோப்பாவுல செட்டில் ஆகி அங்க உள்ள லைசென்ஸ் வச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்ல.

கார்: இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க

ஃபோர் வீல் டிரைவ் தேவையே இல்ல. சுத்துற ரோடு பெரும்பாலும் கெட்டியான சரளை ரோடு, காஞ்சிருக்கிறப்போ சின்ன கார் தாராளமா போகும். பிரச்சனை காரோட பலத்துல இல்ல, நீங்க போடுற கையெழுத்துல இருக்கு. நிறைய வாடகை ஒப்பந்தத்துல "தார் போடாத ரோட்டுல ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாது"ன்னு பொடி எழுத்துல இருக்கும், அப்படி இல்லைன்னாலும் டயர், கண்ணாடி, காரோட அடிப்பாகம் இதெல்லாம் சாதா இன்சூரன்ஸ்ல வராது. எங்களுக்கு ரெண்டாவது பயணத்துல டயர் பக்கவாட்டுல கல்லு கிழிச்சுடுச்சு, காரை விடுறப்போ கவுன்டர்ல இருந்த அம்மா சிரிச்சுக்கிட்டே டெபாசிட்ல இருந்து ஒரு நல்ல தொகையைக் கழிச்சுட்டாங்க, கம்பெனி பேர் வேண்டாம், அவங்க மேல தப்பும் இல்ல, நாங்கதான் படிக்கல.

அதனால எடுக்கும்போதே ஒப்பந்தத்துல இந்த வரி இருக்கான்னு பாருங்க, கவுன்டர்ல நேரடியா "பார்தேனாஸ் ரிங் ரோட்டுல போலாமா"ன்னு கேளுங்க, அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இடம் தெரியும். முழு கவர் கொடுக்கிற பாக்கேஜ் வாங்கினா டயரும் கண்ணாடியும் சேர்ந்திருக்கான்னு பாத்து வாங்குங்க. ஆட்டோமேட்டிக் கார் வேணும்னா முன்னாடியே புக் பண்ணணும், அங்க கியர் வண்டிதான் சாதாரணம். டெபாசிட்டுக்கு ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேப்பாங்க, டெபிட் கார்டு நிறைய இடத்துல எடுக்க மாட்டாங்க. டிக்கியில உதிரி டயர் இருக்கா, வெறும் பஞ்சர் ஸ்ப்ரே மட்டுமானு திறந்து பாருங்க. இன்னொண்ணு, 2026 ஜனவரியில இருந்து வண்டி நின்னு போனா ரோட்டுல வைக்கிற எச்சரிக்கை முக்கோணத்துக்குப் பதிலா கூரை மேல வைக்கிற வி-16ன்னு ஒரு மின்னும் விளக்கு கட்டாயம், அது காருக்குள்ள எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கோங்க. வண்டி எடுத்ததும் சுத்தி ஒரு வீடியோ.

வலது பக்கம் ஓட்டுறது அரை நாள்ல பழகிடும், பழகாதது ரவுண்டானா. நம்ம ஊருக்கு நேர் எதிரா சுத்தணும், உள்ள சுத்திக்கிட்டு இருக்கிறவனுக்குத்தான் முதல் உரிமை, துதேலாவைச் சுத்தி ரவுண்டானா மேல ரவுண்டானா. பெரிய மோட்டார்வேல 120, சாதா ரோட்டுல 90, ஊருக்குள்ள 50, சின்னத் தெருவுல 30, இதுக்கு மேல போனா கேமரா பாத்துக்கும்.

தங்குறது

துதேலா இல்லைன்னா அர்கேதாஸ். துதேலா கொஞ்சம் பெரிய ஊரு, சாப்பாடு, கடை, ரயில் எல்லாம் உண்டு. அர்கேதாஸ் பூங்கா வாசல்லயே இருக்கிற சின்ன ஊரு, ஊருக்குப் பின்னாடி குன்றைக் குடைஞ்ச குகை வீடுங்க அடுக்கடுக்கா இருக்கும், போன நூற்றாண்டு நடுவு வரைக்கும் ஏழைக் குடும்பங்க அதுல வாழ்ந்திருக்காங்க. பக்கத்துல வால்தியெர்ராவுல அந்த மாதிரி குகை வீட்டைச் சரி பண்ணி வாடகைக்கு விடுறாங்க, உள்ள வெயில் காலத்துல சில்லுன்னு இருக்கும், குழந்தைங்க கூட போறவங்க அதை எடுங்க, ஊருக்கு வந்தப்புறமும் அதைப் பத்திதான் பேசுவாங்க. பூங்காவுக்குள்ள ராத்திரி தங்க அனுமதி கிடையாது, டென்ட்டும் கூடாது, கேம்பர் வேனும் கூடாது.

முந்தின நாள் சாயங்காலம்

மூணு வேலை. ஒண்ணு, பூங்காவோட வெப்சைட்ல ரோடு திறந்திருக்கான்னு பாருங்க, மழை பெஞ்சா களிமண் பிசின் மாதிரி ஆகிடும், டயர் ரெண்டு மடங்கு தடிச்சு வண்டி அங்கயே உக்காந்துடும், அதனாலதான் மூடுறாங்க. இதுக்குத்தான் ரெண்டு ராத்திரி, ஒரு நாள் மூடினாலும் மறுநாள் கையில இருக்கும். ரெண்டு, பெட்ரோல் போட்டுடுங்க, உள்ள பங்க் கிடையாது, கசோலினான்னா பெட்ரோல், கசோலியோன்னா டீசல், பேர் ஒரே மாதிரி இருக்கேன்னு மாத்திப் போட்டுடாதீங்க. மூணு, தண்ணி, ஆளுக்கு ரெண்டு லிட்டராவது, உள்ள கடையும் இல்ல குழாயும் இல்ல. ஆஃப்லைன் மேப் இறக்கி வச்சுக்கோங்க, சில இடத்துல சிக்னல் போயிடும்.

அந்த நாள்

பூங்கா காலையில 8 மணிக்குத் திறக்கும், இருட்டுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வெளிய வந்துடணும். நுழைவுக் கட்டணம் கிடையாது. அர்கேதாஸ்ல இருந்து கிழக்கால போற ரோட்டுல சில கிலோமீட்டர்லயே தகவல் மையம் வரும், மேப்புல அதைத்தான் போடணும், வெறும் "பார்தேனாஸ்"னு போட்டா எங்கயோ வயக்காட்டு நடுவுல கொண்டு போய் நிறுத்தும். மையத்துல இறங்கி காகித வரைபடம் வாங்கிக்கோங்க, எந்தப் பாதை மூடியிருக்குன்னு கேட்டுக்கோங்க, பறவை கூடு கட்டுற காலத்துல சில நடைபாதை அடைச்சிருப்பாங்க.

அதைத் தாண்டி தார் ரோடு ஒரு ராணுவ முகாம் வாசல் வரைக்கும் போகும். ஆமா, பாலைவனத்துக்கு நட்ட நடுவுல 1951ல இருந்து விமானப்படையோட குண்டு போடுற பயிற்சி மைதானம், 2,000 ஹெக்டேருக்கு மேல. நீங்க ஓட்டப் போற வட்டப் பாதை அதைச் சுத்தித்தான் போகுது. வார நாள்ல திடீர்னு தலைக்கு மேல போர் விமானம் உறுமிக்கிட்டுப் போகும், முதல் தடவை என் பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு கார் சீட்டுக்கு அடியில போயிட்டா. சத்தம் வேண்டாம்னா சனி, ஞாயிறு போங்க, ஆனா அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி. முகாமைப் போட்டோ எடுக்காதீங்க, வேலி தாண்டாதீங்க, ட்ரோனை வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

வட்டப் பாதை 30 கிலோமீட்டர் சொச்சம், நிறுத்தி நிறுத்திப் போனா நாலு மணி நேரம் ஆகும், நிறுத்தாம ஓட்டினா ஒரு மணி நேரத்துல முடிஞ்சு "இவ்ளோதானா"ன்னு தோணும். மெதுவா ஓட்டுங்க, வேகமா போனா பின்னாடி வர்றவனுக்கு புழுதி, உங்களுக்கு டயர் கிழிசல். முகாம் தாண்டி கொஞ்ச நேரத்துலயே காஸ்தில்தேத்தியெர்ரா வந்துடும், கூம்பு மாதிரி களிமண் மேல ஒத்தைக் கல் தொப்பி, இந்த இடத்தோட அடையாளமே அதுதான். 8 மணிக்கே உள்ள போயிட்டா பஸ் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி தனியா பாக்கலாம், சாஞ்ச வெயில்ல மண்ணுல இருக்கிற ஒவ்வொரு கோடும் தெரியும், மத்தியானம் பாத்தா எல்லாம் தட்டையா வெளிறிப் போயிடும். அது மேல ஏறக்கூடாது, ஒரு மழைக்கே கரையுற மண்ணு, நம்ம செருப்புக்கு எங்க தாங்கும்.

மேல ஏறிப் பாக்கணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு கோர்தினியாஸ்னு ஒரு குன்று இருக்கு, படிக்கட்டு வச்சிருக்காங்க, மேல நின்னா வெள்ளை பார்தேனா முழுக்கத் தெரியும். அடுத்து வடகிழக்குப் பக்கம் சான்சிகொர்ரோத்தா குன்று. அது ஒரு கொள்ளைக்காரன் பேர், 15ம் நூற்றாண்டுல இந்தக் குகைகள்ல ஒளிஞ்சு பணக்காரங்ககிட்ட பறிச்சு ஏழைங்களுக்குக் கொடுத்தான்னு ஊர்க் கதை, நம்ம ஜம்புலிங்கம் கதை கேட்டு வளந்தவங்களுக்குப் புதுசா இருக்காது. ராஜா படை அனுப்பி வளைச்சப்போ பிடிபடாம தானே குத்திக்கிட்டு செத்தானாம், பொணத்தை துதேலாவுல கொண்டு போய்த் தொங்கவிட்டாங்களாம். அந்தக் குன்றையும் பக்கத்துல இருக்கிற பிஸ்கெர்ரா குன்றையும் பாத்தா எவனும் அங்க ஒளியலாம்னுதான் தோணும், அவ்ளோ மடிப்பு. பிஸ்கெர்ரா பக்கம் நடக்க ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்க, எங்களுக்கு மொத்தப் பயணத்துலயும் பிடிச்சது அந்த நடைதான், காருக்குள்ள இருந்தே பாக்கிறவங்களுக்கு அந்த அமைதி கிடைக்காது.

மேல பறக்கிறதையும் பாருங்க. மஞ்சள் மூஞ்சி, வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கருப்பா ஒரு பாறு கழுகு வசந்தத்துலயும் கோடையிலயும் இங்க சுத்தும். திருக்கழுக்குன்றத்துல மத்தியானம் பிரசாதம் சாப்பிட வந்த அந்த ரெண்டு கழுகும் இதே இனம்தான். ஆப்பிரிக்காவுல குளிர்காலத்தைக் கழிச்சுட்டு இங்க வந்து கூடு கட்டுது.

சாயங்காலம் உள்ள இருந்து சூரிய அஸ்தமனம் பாக்க முடியாது, நேரக் கட்டுப்பாடு. அதுக்கு வழி, அர்கேதாஸுக்கு மேல யூகோ மாதா கோயில் குன்று, அங்க இருந்து வெள்ளை பார்தேனா தங்க நிறமா மாறுறதை நிதானமா பாக்கலாம்.

சாப்பாடு, துதேலா

சைவக்காரங்களுக்கு ஸ்பெயின்லயே இதை விட நல்ல ஊர் நான் பாக்கல. எப்ரோ கரையில காய்கறித் தோட்டம்தான் இந்த ஊரோட பெருமை, ஆர்டிசோக், வெள்ளை அஸ்பாரகஸ், கொகோயோன்னு குட்டி லெட்யூஸ். எல்லாக் காயும் சேர்த்து வேக வைக்கிற மெனெஸ்த்ரான்னு ஒண்ணு, பேரைக் கேட்டா சைவம் மாதிரி இருக்கும், ஆனா பன்றி இறைச்சித் துண்டு போட்டிருப்பாங்க, "சின் ஹமோன், சின் கார்னே"ன்னு, அதாவது பன்றியும் வேண்டாம், எந்த இறைச்சியும் வேண்டாம்னு சொல்லியே ஆகணும். கொகோயோ மேல நெத்திலி மாதிரி மீன் வச்சு வரும், அதுக்கு "சின் அன்ச்சோவாஸ்". மத்தியான சாப்பாடு ஒன்றரைல இருந்து மூன்றரை வரைக்கும், ராத்திரி ஒன்பதுக்கு முன்னாடி கிச்சன் திறக்காது, நடுவுல குழந்தைங்க பசிச்சா பிஸ்கட்தான், வாங்கி வச்சுக்கோங்க.

பழைய ஊருக்குள்ள கதீட்ரல்ல கடைசித் தீர்ப்பு வாசல்னு ஒண்ணு, நரகத்துல யார் யாருக்கு என்ன தண்டனைன்னு கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க, நிதானமா பாருங்க. இந்த ஊர்ல இருந்துதான் 12ம் நூற்றாண்டுல பெஞ்சமின்னு ஒரு யூதர் கிளம்பி மேற்கு ஆசியா வரைக்கும் போய் பயணக் குறிப்பு எழுதினாரு, அதுல நம்ம கொல்லம் வருது. மிளகு முதல்ல வெள்ளையா இருக்கும், சுடுதண்ணி ஊத்தி வெயில்ல காய வச்சா கருப்பாகும்னு எழுதியிருக்காரு. அவரே கொல்லம் வரைக்கும் வந்தாரா, வியாபாரிங்க சொன்னதைக் கேட்டு எழுதினாரான்னு அறிஞர்கள் சந்தேகப்படுறாங்க. வெள்ளைன்னு சொன்னதைப் பாத்தா கேட்டு எழுதினதுதான்னு எனக்குத் தோணுது, கொடியில பச்சையாத்தானே தொங்கும்.

இன்னும் ரெண்டு நாள் இருந்தா

வடக்கால ஒலிதே, நவார்ரா ராஜாக்களோட கோபுரக் கோட்டை, அரை நாள். போற வழியில கார்காஸ்தியோவுல லா ஒலிவா மடம், மேல சொன்ன 22 பங்குல ஒண்ணு இவங்களோடது. பாலைவனம் இன்னும் பத்தலைன்னா சரகோசாவுக்குக் கிழக்கால மோனேக்ரோஸ், அங்கயும் இதே மாதிரி மண் கோபுரங்க, கூட்டம் ரொம்பக் கம்மி, வழிகாட்டிப் பலகையும் கம்மி, அதனால ரெண்டாவதா வச்சுக்கோங்க.

காரைத் திருப்பி விடுறதுக்கு முன்னாடி பங்க்ல காசு போட்டு கழுவுற இடத்துல ஒரு அஞ்சு யூரோ செலவு பண்ணி வெளியயும், டயர் இடுக்குலயும், கதவு விளிம்புலயும் நல்லா அடிச்சுக் கழுவிடுங்க. அந்த வெள்ளைப் புழுதி எங்க போனீங்கன்னு கவுன்டர்ல உங்களுக்கு முன்னாடியே சொல்லிடும்.